நாலரைக் கட்டை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பராசரன் கச்சேரி அழைப்பிதழை நீட்டியதும் வத்ஸலா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அது சம்மதமா, கோபமா என்று வாசகிகள் பலர் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கே தெரியாத விஷயத்தை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வது? எப்படியோ, அழைப்பிதழ் அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. 'வத்ஸலா – மைத்ரேயி, வாய்ப்பாட்டு' என்று சபாவின் வாசலில் பேனர்கூடக் கட்டிவிட்டார்கள். கச்சேரி இன்று மாலை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வத்ஸலாவும் அவள் அக்கா ரங்கநாயகியும் ஜோடியாகப் பாடியவர்கள். கீழச்சித்திரை வீதியில் பிறந்து வளர்ந்ததால் திருச்சி முழுக்கச் சித்திரை வீதி சகோதரிகள் என்று பெயர். போன வருஷம் புரட்டாசியில் ஒரு காலை, மன்னார்புரத்து வீட்டில் ரங்கநாயகி சாதகத்துக்கு உட்கார்ந்தாள். சுருதிப் பெட்டியை முடுக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். பாட்டு தொடங்கவே இல்லை.

அந்தப் பெட்டியை அவள் கணவர் பராசரன் இன்றுவரை நிறுத்தவில்லை. "அவ முடுக்கினது. அவளே வந்து நிறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டார். ராப்பகலாக அந்த வீட்டில் சுருதி ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய ஒரே பெண் மைத்ரேயி அதற்குள்தான் தூங்கி எழுந்து ஆபீஸ் போய் வருகிறாள்.

வருஷ காரியம் முடிந்துவிட்டது, இனிப் பாடலாம், அம்மா இடத்தில் பெண் உட்காரட்டும் என்று பராசரனே சபாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வத்ஸலாவிடம் யாரும் கேட்கவில்லை.

இன்று காலை அவள் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பல்லவியைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரங்கநாயகியே கட்டிய பல்லவி அது. ஒரே ஒரு வரி. 'வாசல் பார்த்திருந்தேன், வருவான் அரங்கன் என்று.' முதல் பாதியை அக்கா எடுப்பாள், இரண்டாம் பாதியைத் தங்கை வாங்கிக்கொள்வாள். பல்லவி மட்டுமல்ல, எந்தப் பாட்டானாலும் ஆரம்பிப்பது அக்காதான். கச்சேரிக்குப் போக ஆரம்பித்த நாள் முதல் வத்ஸலா ஒரு பாட்டைக்கூட முதலில் எடுத்ததில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

சமையலறையிலிருந்து அவள் கணவர் வெங்கட்ராகவன் காபி டம்ளரோடு வந்து நின்றார். ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். பாட்டு விஷயத்தில் வாயே திறக்க மாட்டார், பயம். இன்று டம்ளரை நீட்டாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"வத்ஸலா, முதல் பாதியை யார் பாடறா?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு வருஷமாகவே இப்படித்தானாம். அவள் தொடையில் தாளம் போடுகிறாள், வாய் மூடியிருக்கிறது. பாதித் தாளம் கழிந்ததும் 'வருவான் அரங்கன் என்று' என்று எடுக்கிறாள். மறுபடி மௌனம், மறுபடி 'வருவான் அரங்கன் என்று.' முதலில் அவள் மனசுக்குள் பாடிக்கொள்கிறாள் என்று நினைத்தாராம். அப்புறம் ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தாராம். அவள் தலையைச் சாய்த்து, பக்கத்தில் யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இடத்தில் 'ஆஹா' என்றுகூடத் தலையாட்டினாள்.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"சொன்னா நின்னுடுமேன்னு பயந்தேன். உனக்கு அது துணையா இருக்கோன்னு தோணித்து."

வத்ஸலா காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தாளம் போட்டு, முதல் பாதியை எடுக்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருமிவிட்டுத் திரும்பவும் திறந்தாள். காற்று வந்தது. பக்கத்தில் விரித்திருந்த பாயின் காலிப் பாதியை அவள் பார்க்கவே கூடாது என்று இருந்தாள், பார்த்துவிட்டாள்.

அந்த நிமிஷத்தில் அவள் மனசில் வந்த நினைப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரவாயில்லை, சாயங்காலம் மைத்ரேயி இருப்பாளே, அவள் எடுத்துக் கொடுப்பாள், ரங்கு எடுத்த மாதிரியே எடுப்பாள் என்று நினைத்தாள். அத்திம்பேர் பராசரன் மேல் இருந்த கோபமெல்லாம் போய், பெரிய நிம்மதியாக இருந்தது. உடனே ஒரு தடவை சேர்ந்து பாடிப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினாள்.

மன்னார்புரத்து வீடு இரண்டாவது மாடியில். படியேறும்போதே சுருதி கேட்டது. ஐந்தரைக் கட்டை. சித்திரை வீதி சகோதரிகளின் சுருதி அது, நல்ல உயரம். எதிர் வீட்டுக்காரர்கள் தங்கள் கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். போன தடவை வந்தபோது அது இல்லை.

பராசரன் கதவைத் திறந்தார். சவரம் செய்து, வேஷ்டி மாற்றி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். காலில் கனமான நீலச் செருப்பு. சர்க்கரை வியாதிக்காரர், சித்திரையில் காலில் பட்ட காயம் ஆற நாலு மாசம் ஆயிற்று. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டதால் வீட்டுக்குள்ளும் செருப்புதான். கழற்றினால் மைத்ரேயி சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள்.

"வா, வத்ஸலா. ரங்கு புடவை கட்டிண்டிருக்கா" என்றார்.

சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று வத்ஸலா முகத்தைப் பார்த்தாள். தெரிந்த மாதிரி இல்லை. அவர் பாட்டுக்கு மேடைக்கு ரங்குவின் பெட்டிதான் வரவேண்டும், நிறுத்தாமல் பேட்டரியில் போட்டு எடுத்து வருகிறேன், வயலின்காரி பிரான்சியிடம் சரியாக ஐந்தரைக்குச் சேர்த்து வைக்கச் சொல் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

உள்ளே கண்ணாடி முன்னால் மைத்ரேயி நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் அரக்குப் பட்டு, அம்மாவின் வைர மூக்குத்தி, அம்மா மாதிரியே காதோரம் ஒதுக்கிய முடி. வத்ஸலா வாசற்படியில் நின்றுவிட்டாள். ரங்கு என்று கூப்பிட வாயெடுத்துவிட்டாள்.

பாடிப் பார்த்தார்கள். பராசரன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மைத்ரேயி 'வாசல் பார்த்திருந்தேன்' என்று எடுத்தாள். அதே இழைப்பு, 'தேன்' என்று முடிக்கிற இடத்தில் அதே சின்ன நடுக்கம். ஒரு வருஷமாகக் காலியாகக் கிடந்த இடம் நிறைந்தது. வத்ஸலா தானாக 'வருவான் அரங்கன் என்று' என்று வாங்கினாள். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அவளுக்குக் கண்ணீர் வந்தது. பராசரனின் மூடிய கண்ணிலிருந்தும் வழிந்தது.

நாலாவது தடவையில் மைத்ரேயி இருமினாள். இருமல் நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். வத்ஸலா பின்னாலேயே போனாள். சமையல் மேடைக்கு அடியில் ஒரு டப்பா நிறைய அதிமதுரமும் தொண்டை மாத்திரையும் இருந்தன. பெண் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று வத்ஸலா கேட்டாள்.

மைத்ரேயி மெதுவாகப் பதில் சொன்னாள். பேசும்போது அவள் குரல் வேறு. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த, இதமான குரல். அது அப்பா வழிக் குரல். அவளுக்கு நாலரைக் கட்டைதான் இயல்பு, அதற்கு மேல் போனால் தொண்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். சின்ன வயசிலிருந்தே அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் ரங்கநாயகி பெண்ணைத் தன்னோடு மேடை ஏற்றியதே இல்லை. வத்ஸலாவுக்கும் தெரியும். எப்படி மறந்தாள்?

பதிமூன்றாம் நாள் காரியம் ஆனதும் அப்பா சாப்பிட மறுத்துவிட்டாராம். இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். என்ன செய்வதென்று தெரியாமல், ஓடிக்கொண்டிருந்த சுருதியோடு சேர்ந்து அம்மா மாதிரி ஒரு வரி பாடினாளாம்.

"பாடினேன். எழுந்து வந்து சாப்ட்டார், சித்தி. அன்னிலேர்ந்து தினம் பாடறேன்."

"அவர்கிட்ட முடியலைன்னு சொல்லக் கூடாதோ?"

மைத்ரேயி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அப்பா கண்ணை மூடிண்டுதான் கேக்கறார். தெறந்தா நான் தெரிஞ்சுடுவேன். இன்னிக்கு ஊரே கண்ணை மூடிண்டு கேக்கும். ஒரு தடவை அம்மா இடத்துல உக்காந்துட்டா, அப்புறம் என்னை அங்கேர்ந்து எழுந்துக்க விடமாட்டா. நீங்களும்தான் சித்தி. இப்போ பாடறச்சே நீங்களும் கண்ணை மூடிண்டேள்."

கூடத்திலிருந்து சுருதி கேட்டுக்கொண்டே இருந்தது. செத்துப்போனவள் பாவம் போய்விட்டாள், இருக்கிறவர்கள் இருவர் சேர்ந்து உயிரோடு இருக்கிற பெண்ணை இழுத்து அந்த இடத்தில் திணிக்கிறோமே என்று வத்ஸலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. சாயங்காலம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பராசரனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் காவேரிப் பாலம் வந்ததும் வயலின்காரி பிரான்சிக்குப் போன் செய்தாள். பாலக்கரையில் இருப்பவள், சகோதரிகளுக்கு ரொம்ப வருஷமாக வாசிப்பவள். சுருதி நாலரை, வயலினை இறக்கிச் சேர்த்துக்கொள், மிருதங்கக்காரரிடமும் வேறு மிருதங்கம் கொண்டுவரச் சொல், அத்திம்பேருக்குத் தெரிய வேண்டாம் என்றாள் வத்ஸலா.

"அப்ப யாருங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள் பிரான்சி.

"நான்தான்."

"ரங்கா அக்கா கோச்சுக்க மாட்டாங்களா, வத்ஸலா அக்கா?"

"கோச்சுக்கட்டும்" என்றாள் வத்ஸலா. சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஆரம்பிக்கக் குரல் வராது என்பது அவளுக்கும் அவள் கணவருக்கும்தான் தெரியும். மேடையில் காற்று மட்டும் வந்தால், அந்தப் பெண் சித்தியைக் காப்பாற்ற ஐந்தரைக்கு ஏறிவிடுவாள். அத்தோடு முடிந்தது. பஸ் முழுக்க அவள் வாய்க்குள்ளேயே முயன்று பார்த்தாள். வரவில்லை.

மாலை சபா நிறைந்துவிட்டது. பராசரன் ஆட்டோவில் வந்து இறங்கினார். தோளில் துணிப்பை, பைக்குள் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் சவாரிப் பணத்தை வாங்கிக்கொண்டு பையையே பார்த்தபடி போனார். சபாவுக்குள் செருப்போடு போகக் கூடாது. மைத்ரேயி அப்பாவின் நீலச் செருப்பை வாங்கி, கலந்துவிடாமல் வாசல் ஓரத்தில் தனியாக வைத்தாள். கச்சேரி முடிந்ததும் இங்கேயே நில்லுங்கோ, நான் வந்து மாட்டி விடறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் முதல் வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடையில் மிருதங்கத்தை ஒட்டிய இடம் எப்போதும் ரங்கநாயகியுடையது. வயலினை ஒட்டியது வத்ஸலாவுடையது. அரக்குப் பட்டில் மைத்ரேயி மேடை ஏறியதும் சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசை மாமி ஒருத்தி, அப்படியே ரங்கு, என்று பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள். மைத்ரேயி தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் இடத்துக்கு நடந்தாள்.

"நீ அந்தண்டை உக்காரு" என்றாள் வத்ஸலா.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். வத்ஸலா அவளைத் தாண்டிப் போய் அக்காவின் இடத்தில் உட்கார்ந்தாள். விரிப்பு சில்லென்று இருந்தது. எதிரே ஐந்தரையில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி. ரங்குவின் விரல் பட்டுப்பட்டு அதன் திருகில் எண்களெல்லாம் அழிந்து போயிருந்தன. இதைத் தொட்டால் அக்காவின் கையைத் தொடுகிற மாதிரி இருக்கும் என்று பயந்தாள். தொட்டுத் திருகினாள்.

சுருதி இறங்கியது. ஐந்து, இன்னும் கீழே, நாலரை. ஒரு வருஷம் ஓடிய ஒலி எல்லார் எதிரிலும் இறங்கி வேறொரு இடத்தில் நின்றது. முதல் வரிசையில் பராசரன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை இன்னும் இறுக்கி மூடினார்.

வத்ஸலா வாயைத் திறந்தாள். காலையில் வந்த அதே காற்றுதான் வந்தது. பழக்கத்தில் தலை தானாகப் பக்கவாட்டில் சாய்ந்தது, யாரோ எடுக்கட்டும் என்று. அந்தப் பக்கம் இப்போது மைத்ரேயி இருந்தாள். அவள் தொண்டை நரம்பு புடைத்தது, மேலே ஏறத் தயாராகிவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் வத்ஸலாவுக்குக் குரல் வந்தது. அழகான குரலாக வரவில்லை, கதவை இடித்துத் திறக்கிற மாதிரி வந்தது. பிரான்சி வில்லை அழுத்தி அதைத் தாங்கிக்கொண்டாள். இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது.

அப்புறம் கச்சேரி கச்சேரியாக நடந்தது. பல்லவிக்கு வந்தபோது சபை அசையவில்லை.

'வாசல் பார்த்திருந்தேன்' என்று எடுத்தாள் வத்ஸலா. இந்த வரியை இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், பாடியதில்லை. காத்திருப்பவர்களின் வரி அது என்று இப்போதுதான் தெரிந்தது. பாடி முடித்ததும் காதில் மௌனம் இல்லை. பக்கத்திலிருந்து, தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த குரல் ஒன்று அவசரமில்லாமல் 'வருவான் அரங்கன் என்று' என்று வாங்கிக்கொண்டது. அந்தக் குரலை அந்த ஊர் இதற்கு முன் கேட்டதில்லை. மைத்ரேயி இருபத்தாறு வயசுப் பெண் பாடுகிற மாதிரி பாடினாள்.

பராசரன் கண்ணைத் திறந்தார்.

வத்ஸலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மகளைத்தான் பார்த்தார். தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் வழி கேட்க ஆள் தேடுவது போல் பார்த்தார். புடவையைப் பார்த்தார், மூக்குத்தியைப் பார்த்தார், திரும்ப முகத்தைப் பார்த்தார். ரங்கநாயகி போய்விட்ட செய்தி அவருக்கு இப்போதுதான் கிடைத்தது என்று வத்ஸலாவுக்குத் தோன்றியது. அதற்குள் ஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அடுத்த முறை அவள் பார்த்தபோது ஓர நாற்காலி காலியாக இருந்தது. மாத்திரை போடப் போயிருப்பார் என்று நினைத்தாள்.

மங்களம் பாடி முடித்ததும் கைதட்டல் ஓய நேரமாயிற்று. மைத்ரேயி மூச்சு வாங்கச் சித்தியின் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா கண்ணைத் தெறந்தாரா, சித்தி?"

"தெறந்தார்."

பெண்ணின் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்துக்குப் பின் வத்ஸலா அதைப் பார்க்கிறாள். மைத்ரேயி கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினாள். அவ்வளவு பேர் பேசிக்கொண்டிருந்த கூடத்திலும் அந்த ஒலி நின்றது தனியாகத் தெரிந்தது.

வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. செருப்புகள் ஒவ்வொன்றாகப் போய், ஓரத்தில் நீலச் செருப்பு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. சபாவின் உள்ளே பார்த்தார்கள், பின்பக்கம் பார்த்தார்கள். வெங்கட்ராகவன் எதிர் டீக்கடை வரை போய் விசாரித்துவிட்டு வந்தார். நடு பல்லவியிலேயே ஒருவர் வெறுங்காலோடு இறங்கி வந்து தெருவோரம் நின்றுகொண்டே இருந்தாராம், கைதட்டல் கேட்டதும் அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் போனாராம், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம். கால் இடறியும் நிற்கவில்லையாம். சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுக்க ஓடினார்.

ஐப்பசி, காவேரியில் படித்துறை மூழ்கத் தண்ணீர் போகிறது. அது எல்லோருக்கும் தெரியும்.

மைத்ரேயி செருப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வத்ஸலா கூடவே ஓடினாள். கடைகளைத் தாண்டியதும் விளக்கு குறைந்தது. பெண் நடுத்தெருவில் நின்றாள். அவள் தொண்டை நரம்பு புடைத்தது. சுருதி எதுவும் இல்லாமலே அவள் குரல் மேலே ஏறி, சரியாக ஐந்தரையில், ரங்கநாயகியின் குரலில், 'வாசல்' என்று எடுத்தது. அந்தக் குரலுக்கு அவர் வருவார். எங்கிருந்தாலும் வருவார். அது வத்ஸலாவுக்கும் தெரியும்.

அவள் பாய்ந்து பெண்ணின் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம். உன் குரல்ல கூப்பிடு."

"என் குரலுக்கு வரலைன்னா, சித்தி?"

வத்ஸலா கையை எடுத்தாள்.

மைத்ரேயி செருப்பை இறுக்கிக்கொண்டு, தன்னுடைய தாழ்ந்த, கரகரத்த குரலில் கூப்பிட்டாள்.

"அப்பா."

தெருவின் கோடியில் இருட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு உருவம் நின்றது. திரும்பவில்லை.